தாய்மாமன் கோபம்

லொசானில் ஒரு கலியாணம். சாப்பாடு என்னுடையது, மணவறை என்னுடையது, மேளம் மட்டும் வெளியாள். தாலி கட்டி முடிந்து, சனம் பரிசு கொடுக்க வரிசையில் நிற்கிறது. அந்த வரிசைக்கு எதிர்ப்புறமாக ஒரு மனுசன் பெரிய பெட்டியொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கிப் போகிறார். பெட்டிக்குள் பிரஷர் குக்கர். காலையில் அவரே கொண்டுவந்து பரிசு மேசையில் வைத்தது.

“என்ன அண்ணை, குக்கரோட எங்க போறியள்?” என்றேன்.

“மாப்பிள்ளையின்ர தேப்பன் என்னைக் கண்டு எழும்பேல்லை. இருந்தபடி தலையாட்டினவர். இருந்தபடி தலையாட்டுற ஆக்களுக்கு என்ர குக்கரில சோறு அவியாது.”

சொல்லிவிட்டு, ரெனான் போகும் பேருந்துக்குக் குக்கரோடு நின்றார். மழை வேறு தூறியது.

அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயர் எழுதவில்லை. மனுசன் உயிரோடு இருந்திருந்தால், எழுதினால் ஏன் எழுதினாய் என்றும் கோபித்திருப்பார், எழுதாவிட்டால் ஏன் விட்டாய் என்றும் கோபித்திருப்பார். எழுதாமல் விடுவது எனக்குச் சுகம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? நான் எட்டாம் வகுப்பு. ஒரு தோள்பையோடு இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவினேன். இன்றைக்கு ஜெனீவாவிலிருந்து சென்காலன் வரைக்கும் எந்தத் தமிழ்க் கொண்டாட்டத்துக்கும் என் வான் போய் நிற்காவிட்டால் அது கொண்டாட்டமில்லை. ஊஞ்சல் என்னிடம் இருக்கிறது, பல்லக்கு இருக்கிறது, பொத்தானை அமத்தினால் இதழ் விரிகிற தாமரை இருக்கிறது. டாக்குத்தர்மாரும் எஞ்சினியர்மாரும் என்னிடம் திகதி கேட்டுக் காத்திருக்கிறார்கள். பிரெஞ்சு நான் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. ஆனால் பொது மண்டபத்துப் பொறுப்பாளர்மாரோடு, தரையில் எண்ணெய் சிந்தியதற்குச் சண்டை பிடித்துச் சண்டை பிடித்து, இப்போது அவர்களுக்கே திருத்திச் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அவரை நான் முதன்முதல் கண்டது அந்தக் கோப்பை கழுவிய இடத்தில்தான். ரெனான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்ரோறன்ற். நான் கழுவினேன், அவர் மரக்கறி வெட்டினார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வந்தது. செஃப் எல்லாருக்கும் ஆளுக்கொரு சொக்கிலேற் பெட்டி கையில் கொடுத்தான். இவர் அப்போது குளிர் அறைக்குள் நின்றார். செஃப் இவருடைய பெட்டியை ஒரு பையில் போட்டு, இவர் கோட் மாட்டுகிற கொளுக்கியில் தொங்கவிட்டுப் போய்விட்டான்.

“நாய்க்கு எலும்பு கொழுவிற மாதிரிக் கொழுவிப்போட்டுப் போறான்,” என்றார் இவர். தொடவில்லை. பையும் பெட்டியும் அந்தக் கொளுக்கியிலேயே அடுத்த நத்தார் வரும் மட்டும் தொங்கின. இவர் கோட்டைக் கழற்றி உருளைக்கிழங்கு மூட்டைமேல் போட்டுக்கொண்டு வேலை செய்தார். செஃப் கடைசியில் புதுப் பெட்டி ஒன்று வாங்கி, இரண்டு கையாலும் கொடுத்தான். வாங்கிக்கொண்டு, அதை உடனே உடைத்து, முதல் துண்டை செஃபின் வாயில் வைத்துவிட்டார். அப்படிப்பட்ட மனுசன்.

கலியாணம் ஆகாமல் போனதும் இதனால்தான். பேர்னில் ஒரு பெண் பார்க்கப் போனோம். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். தேத்தண்ணீர் வந்தது. தட்டை முதலில் தரகரிடம் நீட்டிவிட்டார்கள். இவர் எழும்பி, “அப்ப தரகரையே கட்டி வையுங்கோ,” என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். குடியுரிமை விஷயமும் அதே கதை. கொம்யூன், அதுதான் இங்கத்தை நகரசபை, அதன் குழுவுக்கு முன்னால் நேர்முகம். தலைவர் இவருடைய பெயரை வாசிக்க முடியாமல் சிரித்தாராம். “என்ர பேரைப் பழகிப்போட்டு என்ர வீட்டை வந்து கேளுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்,” என்று தன்னுடைய பிரெஞ்சில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். கடைசி வரைக்கும் இந்த நாட்டுச் சிவப்புக் கடவுச்சீட்டு எடுக்கவில்லை.

இப்படிக் கோபித்தவரைத் திரும்ப எடுக்கிறதுக்கு ஒரு முறை இருந்தது. போனில் சரிவராது. புருசனும் பெண்சாதியுமாக, வெற்றிலைத் தட்டத்தோடு, அவருடைய வீட்டுக்கே போகவேண்டும். இருந்து, அவர் சொல்வதை முழுக்கக் கேட்கவேண்டும். குறுக்கே பேசக்கூடாது. இந்த முறையை நன்றாகப் பழகினவன் நான்தான். எத்தனையோ வீடுகளுக்கு அவரைச் சமாதானம் செய்து கொடுத்திருக்கிறேன். அதற்காகவே என்னிடம் மண்டபம் பிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். பிள்ளைகளோடு மட்டும் அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. ஒரு பிறந்தநாளில் ஒரு வாண்டு இவருடைய வெள்ளைச் சேட்டில் கேக்கை அப்பிவிட்டது. தாய் நடுங்கிப்போனாள். இவர் சிரித்துக்கொண்டு, “பிள்ளையளுக்கு மரியாதை தெரியாது. தெரியவும் தேவையில்லை. அது பெரியாக்களுக்கு வாற நோய்,” என்றார்.

அவருக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தங்கச்சி, வதனி. அவளும் ரெனானில்தான். புருசன் யோகன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவர்களுக்கு ஒரே பிள்ளை. பிறப்புப் பத்திரத்தில் பெண் என்று பதிந்த பிள்ளை. பன்னிரண்டு வயதிலேயே, தான் ஆண் என்று பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டான். தனக்குக் கவின் என்று தானே பெயர் வைத்துக்கொண்டான். வகுப்பில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் பழைய பெயர்தான். அதை மாற்றத் தாய் தகப்பன் சம்மதம் வேண்டும் என்று பள்ளிக்கூடம் யோகனைக் கூப்பிட்டுக் கேட்டது. யோகன் மறுத்துவிட்டு வந்தான். அந்தப் பழைய பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதவேண்டாமென்று கவின் என்னைக் கேட்டிருக்கிறான், நான் சொன்ன சொல் தவறினதில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது, யோகன் வந்து, மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு வைக்கவேண்டுமென்று கோடை விடுமுறையில் திகதி கேட்டது மட்டும்தான்.

“பெரிசாச் செய்யோணும் அண்ணை,” என்றான். “ஊஞ்சல், பல்லக்கு, தாமரை, புகை, எல்லாம் வேணும். ஜெர்மனியில இருந்தும் சனம் வரும்.”

“பிள்ளைக்கு விருப்பமோ?”

“பிள்ளைக்கு என்ன தெரியும்? ஒரு நாளைக்குச் சேலையும் நகையுமா எல்லாருக்கும் முன்னால நிண்டிட்டால், தலைக்குள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்.”

“தலைக்குள்ள என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லையண்ணை. வயசுக் குழப்பம்.”

நான் மேலே கேட்கவில்லை. திகதியைக் குறித்தேன்.

எங்கள் ஆட்களின் சாமத்தியவீட்டில் தாய்மாமன் இல்லாமல் ஒரு அடி நகராது. தேங்காய் உடைக்கிறது அவர். பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து முதல் தண்ணீர் வார்க்கிறது அவர். அது முடிந்த பிறகுதான் சேலை, நகை, ஊஞ்சல் எல்லாம். தாமரைக்குப் பற்றரி இல்லையென்றால் நான் சமாளிப்பேன். மாமன் இல்லையென்றால் நானும் கையை விரிக்கவேண்டியதுதான்.

அழைப்பிதழ் போன அடுத்த நாளே மாமன் கோபித்துக்கொண்டார். யோகனுடைய தமையனின் பெயருக்குக் கீழே தன் பெயர் வந்துவிட்டதாம். நியாயமான கோபம். புதிதாக அடித்தோம், அவர் பெயரை மேலே போட்டு. யோகனும் வதனியும் தட்டத்தோடு போனார்கள், நானும் போனேன். இருந்தோம், கேட்டோம், குறுக்கே பேசவில்லை. எல்லாம் முறைப்படி. முடிவில் அவர் தட்டத்தைப் பார்த்தார்.

“வெத்திலை வாடியிருக்கு,” என்றார்.

அடுத்த கிழமை பச்சைப்பசேலென்ற வெற்றிலையோடு போனோம். இந்த முறை, வதனி செருப்போடு உள்ளே வந்துவிட்டாளாம். அதற்கும் அடுத்த முறை, ஐயரைத் தன்னைக் கேட்காமல் பிடித்தார்களாம்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அந்த மனுசனின் கோபத்தை எனக்குப் போல வேறொருவருக்கும் தெரியாது. அவருடைய கோபம் ஒரு காரணத்தோடு வரும், அந்தக் காரணத்தோடேயே போகும். ஒரு காரணம் தீர்ந்தவுடன் இன்னொன்றைத் தேடி எடுக்கிறார் என்றால், அது கோபமில்லை, வேலை.

யோகனுக்குப் பொறுமை போய்விட்டது. படியிறங்கும்போதே கத்தினான். “இவர் இல்லாட்டி நடக்காதோ? பாசலில வதனியின்ர ஒண்டுவிட்ட தமையன் இருக்கிறார். அவரைக் கொண்டு தண்ணி வார்ப்பிப்பம்.”

வதனி படியிலேயே நின்றுவிட்டாள். அவள் சத்தம் போட்டுக் கதைக்கிற ஆளில்லை. “என்ர கூடப்பிறந்தவர் இஞ்ச ரெனானில இருக்க, பாசல்ல இருந்து மாமன் வாறதோ? அப்பிடியெண்டால் எனக்கு இந்தச் சடங்கே வேண்டாம்.”

“நாலு இடத்தில சொல்லிப்போட்டன், வதனி.”

“சொன்ன வாயாலேயே இல்லையெண்டும் சொல்லுங்கோ. என்ர அண்ணை கோவமெண்டு சொல்லுங்கோ. எல்லாருக்கும் அவரைத் தெரியும்தானே.”

எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. பிடித்த மண்டபத்தைக் கைவிட்டோம். ஊர் முழுக்க மாமனைத் திட்டியது. சடங்கு ஏன் நின்றதென்று ஒருத்தரும் பிள்ளையைப் பார்த்துக் கேட்கவில்லை.

நான் விடுவேனா? என் கையில் எடுத்த ஒரு சமாதானமும் அதுவரை தோற்றதில்லை. ஒரு பின்னேரம் அவருடைய தோட்டத்துக்குப் போனேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கொம்யூன் வாடகைக்குக் கொடுக்கிற சின்னத் துண்டு நிலம். இத்தாலிக்காரன் ஒரு பக்கம் தக்காளி, போர்த்துக்கல்காரன் மற்றப் பக்கம் முட்டைக்கோவா, நடுவில் இவருடைய பாகற்கொடி. சரக்கு ரயில் போகும்போது பந்தல் முழுக்க நடுங்கும். இவர் கொடியைக் கயிற்றில் எடுத்துவிட்டுக்கொண்டு நின்றார். கவிழ்த்த வாளியொன்றின் மேல் தங்கச்சியின் பிள்ளை இருந்து மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தான்.

“முதலாளி வந்திருக்கிறார். எழும்படா, வாளியைக் குடு, இருக்கட்டும்,” என்றார்.

நான் இருந்தேன். “அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. என்ன செய்தால் உங்களுக்குக் கோவம் தீரும்?”

“ஒண்டும் செய்யாமல் விட்டால் தீரும்.”

“விளங்கேல்லை.”

அவர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். “சொல்லட்டோ?”

“இவர் எல்லாருக்கும் சொல்லுவாரே மாமா.”

“சொல்லமாட்டார். இவருக்குப் பெருமையடிக்க வேற எவ்வளவோ கிடக்கு.”

பிறகு பிள்ளையே சொன்னான். நிதானமாக, மிளகாயைக் காம்பு காம்பாகக் கிள்ளிக்கொண்டே சொன்னான். தான் யார் என்று சொன்னான். அப்பாவிடம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னான். “சேலை கட்டி, ஊஞ்சலில இருத்தி, வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவினம் அங்கிள். பிறகு நான் எங்க போனாலும் அந்த ஆளாத்தான் போகோணும். அண்டைக்கு நான் மண்டபத்தில இருந்து ஓடியிருப்பன். எங்கயெண்டு எனக்கே தெரியாது. அதுதான் மாமாட்ட வந்தனான்.”

“வந்து?”

“நீங்கள் எல்லாரோடயும் கோவிக்கிறனீங்கள்தானே, எனக்காக ஒருக்காக் கோவிப்பீங்களோ எண்டு கேட்டனான்.”

மாமன் பாகற்கொடிக்குப் பின்னால் நின்று சொன்னார்: “கோவியாதை, கோவியாதை எண்டுதான் எல்லாரும் எனக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறன். முதல் முதலா ஒரு பிள்ளை வந்து கோவி எண்டு கேக்குது. எப்பிடிக் காணும் மாட்டன் எண்டிறது?”

எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆண், பெண் என்று பிறந்ததை ஒருவர் தானே எப்படிச் சொல்லுவது என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. விளங்காத சாமானைக் கையால் தொடாமல் விட்டபடியால்தான் நான் இந்த நாட்டில் முன்னுக்கு வந்தவன். பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். வயசுக் குழப்பம் உள்ள முகம் எனக்குத் தெரியும், நான் எத்தனை வீட்டுப் பிள்ளைகளை ஊஞ்சலில் ஏற்றினவன். இது அந்த முகமில்லை.

“யோகனுக்கு நேரே சொல்லலாமே அண்ணை?”

“சொன்னால் பிள்ளையோட கோவிப்பான். என்னோட கோவிக்கட்டும். எனக்குப் பழக்கம்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“அதுதான் உம்மட்ட ஒரு வேலை இருக்கு,” என்றார். “இந்த நாட்டில ஒரு சட்டம் வந்திருக்காம். பதினாறு வயசானால் தானே போய்ச் சொல்லலாமாம். இவன் போனில காட்டினவன். போனில ஆயிரம் இருக்கும். நீர்தானே கொம்யூன் முழுக்க என்ர ஆக்கள் எண்டு சொல்லித் திரியிறனீர். போய் விசாரிச்சுக்கொண்டு வாரும்.”

போனேன். மண்டபம் பதிகிற மனிசி எனக்கு நல்ல பழக்கம், வருசம் பிறந்தால் என் கையால் பலகாரம் சாப்பிடுகிறவள். எனக்கு என்று நினைத்தோ என்னவோ, என்னை மேலும் கீழும் ஒருதரம் பார்த்துவிட்டு, வடிவாக விளங்கப்படுத்தினாள். பதினாறு முடிந்தவர் பதிவுக் கந்தோருக்குத் தானே போய், நான் ஆண் என்றோ பெண் என்றோ அறிவிக்கலாம். பெயரையும் கூடவே மாற்றலாம். டாக்குத்தரின் கடிதம் தேவையில்லை, நீதிமன்றம் தேவையில்லை. பதினாறுக்குக் கீழே என்றால் தாய் தகப்பன் சம்மதம் வேண்டும். அதுதான் சட்டம்.

திரும்பி வந்து சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “அப்ப பதினாறு ஆகும் மட்டும் நான் கோவமாயிருக்கிறன். அதுக்குப் பிறகு அவன்ர பாடு.”

நான் பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அந்தச் சட்டம் பிள்ளையைப் பதினாறு வரைக்கும் தாய் தகப்பன் கையில் விட்டிருக்கிறது. தாய்மாமனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எழுதினவர்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.

கோபித்துக்கொண்டிருப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். உண்மையான கோபத்தில் ஒரு சூடு இருக்கும், அதில் ஆள் காய்ந்துகொண்டு காலத்தைப் போக்கலாம். இவருக்கு அந்தச் சூடு இல்லை. வழக்கமாகத் தங்கச்சியின் கையால் சாப்பிடுகிற தீபாவளிகள் தனியாகப் போயின. தெருவில் வதனியைக் கண்டால் மற்றப் பக்கம் கடந்து போவார், கடந்தபின் நின்று திரும்பிப் பார்ப்பார். கவின் மட்டும் பள்ளிக்கூடம் முடிந்து தோட்டத்துக்கு வந்து போனான். யோகன் அதைத் தடுக்கவில்லை. பிள்ளை மாமனின் மனதை இளக்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

நடுவில் ஒரு வருசம் வதனிக்குப் பித்தப்பை எடுத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டுபோனேன். கீழே கோப்பிச் சாலையில் இவர் மூலையோடு இருக்கிறார். இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டுவந்து கவினிடம் மேலே கொடுத்தனுப்பிவிட்டு, கோப்பை ஒன்றை வைத்துக்கொண்டு இருக்கிறார். எனக்குப் பின்னால் யோகன் இறங்கி வந்தான். வேலை உடுப்பு, நித்திரையில்லாத கண்.

“மச்சான், மேல வாங்கோ. அவள் உங்களைத்தான் கேக்கிறாள்.”

இவர் நிமிரவில்லை. “முறையா வந்து கூப்பிடட்டும்.”

“வயித்தை வெட்டிப்போட்டுக் கிடக்கிறவள் வெத்திலைத் தட்டத்தோட வாறதோ?”

இவர் கோப்பையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

“நீங்கள் ஒரு மனுசனோ?” என்று கேட்டுவிட்டு யோகன் போய்விட்டான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் ஒரு கடதாசியை எடுத்துக் கோப்பையின் விளிம்பைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார், கடதாசி நைந்து போகும் மட்டும்.

“ஒருக்காப் போட்டு வாங்கோவன் அண்ணை,” என்றேன்.

“போனால் கோவம் தீந்ததெண்டு ஆகும். தீந்தால் வாற கோடைக்கு உம்மட்டத்தான் மண்டபம் கேட்டு வருவான்.”

அவர் சொன்னது சரிதான். கவினுக்குப் பதினைந்து நடக்கும்போது தொழில் பழகுகிற இடம் கிடைத்தது. மின்சார வேலை. ஒப்பந்தம் எழுதமுதல் பெயரைச் சரிப்படுத்திவிட்டால் புது இடத்தில் ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று, தகப்பனிடம் சம்மதம் கேட்டான். யோகன் சொன்ன பதிலை வதனி எனக்குச் சொன்னாள்: “சடங்கே நடக்கேல்லை, அதுக்குள்ள பேர் மாத்திறதோ? முதல்ல உன்ர மாமனைக் கூட்டிக்கொண்டு வா.” கவின் பழைய பெயரிலேயே ஒப்பந்தம் எழுதினான். முதல் நாள் உடுப்பில் அந்தப் பெயரைத் தைத்துக் கொடுத்தார்களாம். பெயருக்குமேல் பொக்கற்றின் மூடியை இழுத்துவிட்டுக்கொண்டு வேலை செய்தான்.

பதினாறு வந்தது. பிறந்தநாள் முடிந்து கந்தோர் திறந்த முதல் கிழமையே லொசானுக்குப் போனோம். என் காரில். அது என்ன கார் என்று சொன்னால் பெருமையடிக்கிறான் என்பீர்கள், அதனால் சொல்லவில்லை, மெர்சிடிஸ். மாமன் கோட்டும் கழுத்துப்பட்டியும். கவின் உள்ளே போய், ஒரு மேசைக்கு முன்னால் இருந்து, கேட்டதற்குப் பதில் சொன்னான். அந்த அதிகாரி வாசித்துக் காட்டினார், கவின் கையெழுத்துப் போட்டான். நாங்கள் வாங்குப் பலகையில் இருந்து சூடு ஏற முதலே வெளியே வந்துவிட்டான்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது மாமா.”

“இவ்வளவுதானோ? ஒரு தேங்காய்கூட உடைக்கேல்லை.” அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார். “காரை எடும். தங்கச்சி வீட்டை போவம்.”

“சொல்லிப்போட்டுப் போவமோ?”

“என்னத்தைச் சொல்லிறது? போவம்.”

யோகன்தான் கதவைத் திறந்தான். மூன்று பேரையும் பார்த்தான். “மச்சான், கோவம் தீந்துதோ?”

“தீந்துது.”

“ஆர் வந்து கூப்பிட்டது?”

“ஒருத்தரும் கூப்பிடேல்லை. நானா வந்தன்.”

உள்ளே போய் இருந்து, தேத்தண்ணீர் வரமுதலே எல்லாவற்றையும் சொன்னார். வெற்றிலை, செருப்பு, ஐயர், ஆஸ்பத்திரி, இன்றைக்குக் கந்தோர். எதையும் குறைக்கவில்லை. வதனி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், “செருப்புக்கு என்னோட கோவிக்கிற அண்ணையோ எண்டு நான் அண்டைக்கே நினைச்சனான்,” என்றாள்.

யோகன் கதிரையை விட்டு எழும்பினான். “மூண்டு வருசம் என்னை ஏமாத்தியிருக்கிறியள்.”

“ஓம்.”

“நான் இவன்ர தேப்பன்.”

“அதுக்குத்தான் மூண்டு வருசம் எடுத்தது. வேற ஆளெண்டால் ஒரு நாளில சொல்லி முடிச்சிருப்பன்.”

“வெளியால போங்கோ,” என்றான் யோகன்.

அவர் எழும்பினார். கோபிக்கவில்லை. சப்பாத்தை ஆறுதலாகப் போட்டுக்கொண்டு, கவினின் தலையைத் தடவிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு கோபித்தது யோகன். பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை, அடிக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பழைய பெயரும் இல்லை, புதுப் பெயரும் இல்லை. “இஞ்ச”, “உதை எடு”, “சாப்பிட வரச்சொல்லு”. அவ்வளவுதான். மச்சானோடு கதையே இல்லை. இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பாகற்காயும் கீரையும் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போவார். பல்கனியில் நிற்கிற யோகன் இவரைக் கண்டவுடன் உள்ளே போய்விடுவான். வதனி இறங்கி வந்து பையை வாங்குவாள். இவர் கீழே நின்றபடியே தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

“பாத்தீரோ, நல்லாக் கோவிக்கிறான்,” என்றார் என்னிடம் ஒருநாள். “பிள்ளையில காட்டாமல் என்னிலதான் காட்டிறான். பரவாயில்லை. கோவிக்கத் தெரிஞ்ச மனுசன்.”

“நான் ஒருக்காக் கதைச்சுப் பாக்கட்டோ?”

“வேண்டாம். அது வாற நேரம் வரும். நீர் உம்மட தாமரையைப் பாரும்.”

அந்த மாரி தொடங்கமுதல் ஒரு காலை, நித்திரையிலேயே போய்விட்டார்.

லொசானில் தகனம். சாப்பாட்டு ஒழுங்கு முழுக்க நான் என் கைக்காசில் செய்தேன், அதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது இங்கே சொல்லுகிறேன். அவர் கோபித்த சனம் எல்லாம் வந்திருந்தது. மண்டபம் கொள்ளவில்லை. பெட்டிக்கு முன்னால் ஐயர் இருந்து, தருப்பையைப் பிரித்துக்கொண்டு கேட்டார்: “கிரியை ஆர் செய்யிறது?”

“பிள்ளைகுட்டி இல்லாத மனுசன்,” என்றார் ஒரு பெரியவர். “பாசல் தமையன்ர பெடியன் நிக்கிறான். அவனை விடுவம்.”

பாசல் பெடியன் சட்டையைக் கழற்றத் தொடங்கினான். வதனி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கவின் அவளுக்குப் பக்கத்தில், கறுப்புச் சேட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பின் வரிசையில் நின்ற யோகன் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தான்.

“பாசலுக்கு ஏன் போறியள்? சொந்த மருமோன் இஞ்ச நிக்கிறான்.”

அந்தப் பெரியவர், “அது உன்ர பெட்டையெல்லோ யோகன்?” என்றார்.

யோகன் அவர் பக்கம் திரும்பவில்லை. ஐயரிடமிருந்து வேட்டியை வாங்கினான். கவினின் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனான். பிள்ளைக்கு வேட்டி கட்டத் தெரியாது. கால்சட்டைக்கு மேலேயே சுற்றி, தலைப்பை இழுத்து, இடுப்பில் இரண்டு முறை மடித்து இறுக்கிவிட்டான். அவிழ்ந்துவிடுமோ என்று ஒருதரம் இழுத்தும் பார்த்தான். சேட்டைக் கழற்றச் சொல்லவில்லை. ஐயரும் கேட்கவில்லை.

கொண்டுவந்து இருத்தினான். தானும் பின்னால் நின்றான்.

“செய்யிறவர்ர பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ,” என்றார் ஐயர்.

கவின் வாயைத் திறந்தான். யோகன் முந்திக்கொண்டான்.

“கவின்,” என்றான். சனத்துக்குக் கேட்கவேண்டும் என்றோ என்னவோ, இன்னொரு தரமும் சொன்னான். “பேர் கவின். நட்சத்திரம் உத்தரட்டாதி.”